மூணு வாதம்

அந்தப் பெரிய கவருக்குள்ள இருக்கறது ஸ்கேன் படந்தானே தம்பி? மேல கம்பியில வைக்காதீங்க, இந்த டிரைவர் பிரேக் போடுத லட்சணத்துக்கு எங்கயாவது போய் விழும். மடியிலயே வச்சுக்கங்க. யாருக்கு? அம்மாவுக்கா. அப்பம் பக்கவாதந்தான். கவரைப் பாத்ததுமே நெனச்சேன். எங்க வீட்டு அலமாரியில துணிமணியை விட இந்தக் கவர்தான் இப்பம் ஜாஸ்தி.

எந்தப் பக்கம் விழுந்துச்சு? எடது கையும் காலுமா. அப்பம் பேச்சு இருக்குமே. இருக்குல்ல? கொடுத்து வச்சவங்க. வலது பக்கம் விழுந்தாத்தான் பேச்சும் சேந்து போகுமாம், பெரும்பாலும் அப்பிடித்தான்னு டாக்டரம்மா சொன்னாங்க. எங்க வீட்டுல வலது.

நமக்கு எட்டயபுரம். பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால போனீங்கன்னா மோட்டார் வைண்டிங் கடை ஒண்ணு இருக்கும், அது நம்ம கடைதான். தர்மராஜ்னு யாருகிட்ட கேட்டாலும் சொல்லுவாங்க. கெணத்து மோட்டாரு, போர் மோட்டாரு, கிரைண்டர் மோட்டாரு, எல்லாத்துக்கும் காயில் கட்டுதேன். மோட்டார ஓட விட்டு வெளிய நின்னு காதைக் கொடுத்தேன்னா, பேரிங் போச்சா காயில் போச்சான்னு சொல்லிருவேன். கழத்திப் பாத்தா நான் சொன்னதுதான் இருக்கும். பெருமைக்குச் சொல்லல.

இப்பம் தூத்துக்குடியிலதான் இருந்து வாரேன். மக வீட்டுல இருந்து. அங்கதான் எங்க வீட்டுக்காரி இருக்கா. தங்கபுஷ்பம்னு பேரு. மருமகனுக்கு துறைமுகத்துல வேலை. நல்ல பையன், வாயே திறக்க மாட்டாரு. அந்த வீட்டுல பேசுதது பூராம் எம் மகதான். அதுவும் என்னைப் பாத்தா மட்டும் கூடுதலாப் பேசுவா.

எங்க வீட்டுக்காரிக்கு மூணு வாதம் தம்பி. மொதல்ல முடக்குவாதம் வந்துச்சு. பெறவு பக்கவாதம். ரெண்டுக்கும் முன்னாடி, பொறக்கும்போதே கொண்டு வந்தது பிடிவாதம். சிரிக்கீங்க. நான் ஆஸ்பத்திரியில இதைச் சொன்னப்பம் ஒருத்தரும் சிரிக்கல.

முடக்குவாதம்னா சும்மா முட்டுவலி இல்ல. விரல் கணுவெல்லாம் வீங்கி, காலையில எந்திரிச்சா கையை மடக்க முடியாது. சுடுதண்ணியில முக்கி வச்சுத்தான் வேலையை ஆரம்பிப்பா. டப்பா மூடி திறக்க முடியாம என்கிட்ட கொண்டாந்து நீட்டுவா. உள்ள கொதிக்குது, உள்ள கொதிக்குதுன்னு சொல்லுவா. தொட்டுப் பாத்தா சூடாத்தான் இருக்கும், இல்லன்னு சொல்லல. ஆனா ஒருத்தி பத்து வருசமா தெனமும் கொதிக்குதுன்னு சொன்னா, கேக்கறவனுக்கு எப்பிடி இருக்கும்? மோட்டாரே வருசக்கணக்கா சூடா ஓடிக்கிட்டுத்தான் இருக்கும். ஓடுத வரைக்கும் ஓடும்.

நான் வைத்தியம் பாக்கலைன்னு நெனைக்காதீங்க. மதுரைக்கே கூட்டிட்டுப் போனேன். மூட்டுக்குன்னே ஒரு டாக்டர். வாரத்துல ஒரே ஒரு நாள் போடுத மாத்திரை ஒண்ணு எழுதிக் கொடுத்தாரு. ரத்தத்தை அடிக்கடி சோதிச்சுப் பாக்கணும், நிறுத்தவே கூடாதுன்னாரு. ஒரு வருசம் போட்டா. வீக்கமும் வத்துனாப்புலதான் இருந்துச்சு. பெறவு கடைக்கு வந்த ஒருத்தர் சீட்டைப் பாத்துட்டு, ஏய் அண்ணாச்சி, இது புத்துநோய்க்குக் கொடுக்கிற மாத்திரையில்லா, எங்க மதினிக்கு இதைத்தான் கொடுத்தாங்கன்னாரு. நல்லா இருக்கவளுக்குப் புத்துநோய் மாத்திரையைக் கொடுப்பாங்களா? அன்னைக்கே நிறுத்தியாச்சு. அவ நிறுத்த வேண்டாம்னு சொன்னா, டாக்டரை ஒரு வார்த்தை கேட்டுட்டு நிறுத்துவோம்னு சொன்னா. நாந்தான் பிரியத்துல நிறுத்துனேன். அதுக்குப் பதிலா பஸ் ஸ்டாண்டு மெடிக்கல்ல வலி மாத்திரை வாங்கிக் கொடுத்தேன். ஒரு நாள் தவறுனதில்ல. மறந்து வந்துட்டாக் கூட திரும்ப சைக்கிளை எடுத்துட்டுப் போயி வாங்கியாருவேன். இதெல்லாம் எம் மக கணக்குலயே வராது.

சரி, நடந்ததைச் சொல்லுதேன்.

போன சித்திரை மாசம். அந்த வருசம் கெணத்துல தண்ணி கீழ போயிட்டு, கரண்டும் குறைச்சலாத்தான் வந்துச்சு. லோ வோல்ட்டேஜ்ல ஓட்டி ஓட்டி ஊர்ப்பட்ட மோட்டார் எரிஞ்சு போச்சு. கடை வாசல்ல செத்த மாட்டை அடுக்குன மாதிரி மோட்டார் கெடக்கு. பருத்திக்காரன், மொளகாய்க்காரன், எல்லாவனும் தலையில கை வச்சு உக்காந்திருக்கான். அந்த நேரத்துல இவ, முட்டு ரெண்டும் வீங்கிருச்சு, கையும் தாங்கல, மதுரைக்குக் கூட்டிட்டுப் போங்கன்னுட்டா. அடுத்த மாசம் போவோம்னேன். போன மாசமும் இதைத்தான் சொன்னீங்கன்னா. நான் சத்தம் போட்டேன். அவளும் போட்டா. "எரிஞ்சு போன மோட்டாருக்கு இருக்க மரியாதை எனக்கு இல்லை"ன்னா. அத்தோட வாயை மூடிட்டா.

இதுல எங்க வீட்டு வழக்கம் ஒண்ணு உங்களுக்குத் தெரியணும். சண்டையை யாரு ஆரம்பிச்சாலும், அவ பேச மாட்டா. ஒரு நாள், ரெண்டு நாள். அவ தம்பி கல்யாணத்தப்பம் பத்து நாளைக்கு மேல பேசல. பேசாமலே காப்பி வரும், சோறு வரும், வேட்டி துவைச்சு வரும். மூஞ்சியைப் பாக்க மாட்டா, நானும் பாக்க மாட்டேன். பெறவு ஒரு நாள் அவளே வந்து, "கொழம்புல உப்பு காணுமா?"ன்னு கேப்பா. நான், காணும், போதும்பேன். முடிஞ்சுது சண்டை. இதுல ஒரு நிம்மதி இருக்கு தம்பி, சின்னஞ்சிறுசுகளுக்குத் தெரியாது. எப்பிடியும் முடிஞ்சிரும்னு ரெண்டு பேருக்கும் தெரியும். யாரு முடிப்பாங்கன்னும் தெரியும்.

மறுநாள் காலையில காப்பி வந்துச்சு. டம்ளரை வச்ச சத்தம் கேட்டுச்சு, எடுத்துக் குடிச்சேன். கடைக்குப் போயிட்டேன். மத்தியானம் சாப்பாட்டுக்கு வந்தா தட்டு வைக்கல. அவ அடுப்படி வாசல்ல நாற்காலியில உக்காந்திருக்கா. செவுத்துல ஒரு தோளைச் சாச்சுக்கிட்டு, தலை ஒரு பக்கமா. சரி, இந்தத் தடவை கோவம் சாப்பாட்டு வரைக்கும் வந்துட்டுன்னு நெனச்சேன். சோறெல்லாம் வடிச்சுத்தான் இருந்துச்சு. நானே போட்டுக்கிட்டேன். தயிர் எங்க இருக்குன்னு தெரியல. கேக்கலாம். ஆனா நான் ஏன் கேக்கணும்? தேடி எடுத்துக்கிட்டேன்.

நான் சாப்பிட்டுக்கிட்டு இருக்கும்போது அவ மடியில இருந்த கரண்டி கீழ விழுந்துச்சு. எடுக்கல. வாயில இருந்து ஒரு சத்தம் வந்துச்சு. அது பேச்சு இல்ல. பழிப்புக் காட்டுத மாதிரி ஒரு இழுப்பு. எனக்குக் கோவம் வந்துட்டு. டிவியைப் போட்டேன். இன்னொரு தடவையும் சத்தம் வந்துச்சு, நான் டிவியைக் கொஞ்சம் கூட்டி வச்சேன். கடையில வெயில்ல நின்னு வந்த அலுப்பு, அப்பிடியே கண் அசந்துட்டேன். இதுதான் நடந்தது. இதை எத்தனை பேருகிட்ட எத்தனை தடவை சொல்லியாச்சு. ஒவ்வொருத்தரும் இந்த இடம் வரும்போது ஒரு மாதிரி பாக்காங்க. நீங்களும் பாக்கீங்க. பாருங்க, பரவால்ல.

பக்கத்து வீட்டுல எஸ்தர் டீச்சர்னு ஒருத்தங்க. பள்ளிக்கூடம் விட்டு வந்து, கருவேப்பிலை பறிக்க எங்க வீட்டுக்குள்ள வருவாங்க. அவங்க வந்து பாத்துட்டு என்னை எழுப்புனாங்க. "அண்ணாச்சி, அக்காவுக்கு வாய் கோணிருக்கு"ன்னாங்க. நான் தூக்கக் கலக்கத்துல, அது கோவம் டீச்சர், நேத்துல இருந்து அப்பிடித்தான்னேன். அவங்க என்னைப் பாத்தாங்க பாருங்க. "கோவத்துல ஒரு பக்கம் மட்டும் கோணாது அண்ணாச்சி"ன்னாங்க.

பெறவுதான் நான் மூஞ்சியைப் பாத்தேன். வலது பக்கம் கண்ணுக்குக் கீழ எல்லாம் தொங்கிப் போயி, கடைவாயில இருந்து ஒழுகி சேலை நனைஞ்சு கெடக்கு. வலது கை மடியில செத்த கை மாதிரி. ஆனா கண்ணு என்னையேதான் பாத்துக்கிட்டு இருந்துச்சு. எவ்வளவு நேரமாப் பாத்துச்சோ.

டீச்சர்தான் நூத்தியெட்டுக்குப் போன் பண்ணுனாங்க. நான் வேட்டியை மாத்திட்டு வந்துருதேன்னு உள்ள போனேன், அதுக்கும் டீச்சர் மூஞ்சியைச் சுழிச்சாங்க. வண்டியிலயும் அவங்கதான் கூட ஏறுனாங்க. நல்ல பொம்பளைதான். ஆனா மறுநாளே தெரு பூராம் சொல்லிட்டாங்க, அண்ணாச்சி டிவி பாத்துக்கிட்டு இருந்தாரு, அக்கா அங்க உக்காந்திருந்தான்னு. பொய்யில்ல. ஆனா உண்மையைச் சொல்லுததுக்கும் ஒரு விதம் இருக்குல்ல.

தூத்துக்குடி பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனதும் ஓட்டமா உள்ள தள்ளிட்டுப் போனாங்க. குத்தம் சொல்லக் கூடாது, நின்ன நேரத்துல எல்லாம் நடந்துச்சு. ஸ்கேன் எடுக்கப் போகும்போதே ஒரு டாக்டரம்மா என்கிட்ட வந்தாங்க. வயசு எம் மகளை விடக் குறைச்சல்தான். மூளைக்குப் போற ரத்தக்குழாய்ல ரத்தம் உறைஞ்சு அடைச்சிருக்கலாம், அதைக் கரைக்க ஒரு ஊசி இருக்கு, ஆனா நோவு கண்டு நாலரை மணி நேரத்துக்குள்ள போட்டாத்தான் நல்லது, நேரம் தெரியாமப் போட்டா மூளைக்குள்ளயே ரத்தம் கொட்டி ஆளே போயிருவாங்க, அதனால யோசிச்சு சொல்லுங்கன்னாங்க. பெறவு கேட்டாங்க:

"கடைசியா எப்ப நல்லா இருந்தாங்க? கடைசியா எப்ப பேசுனாங்க?"

நான் உள்ளதைச் சொன்னேன். நேத்து ராத்திரின்னேன்.

அவங்க எழுதிக்கிட்டு இருந்தவங்க நிமுந்து பாத்தாங்க. நேத்து ராத்திரிக்கு அப்புறம் பேசவே இல்லையான்னாங்க. இல்ல, சண்டைன்னேன். காலையில நடந்தாங்களா? நடந்திருப்பா, காப்பி வந்துச்சு. நடையில வித்தியாசம் இருந்துச்சா? பாக்கல. டம்ளரை எந்தக் கையால கொடுத்தாங்க? கையில கொடுக்கல, வச்சுட்டுப் போயிட்டா. முகம் எப்பிடி இருந்துச்சு? நான் சொன்னேன், சண்டைன்னா நாங்க மூஞ்சியைப் பாக்க மாட்டோம்னு. மத்தியானம்? மத்தியானமும்தான்.

டீச்சர் அந்தப் பக்கமாத் திரும்பி நின்னுக்கிட்டாங்க.

டாக்டரம்மா கோவப்படல. ஒரு வார்த்தை கடுசா சொல்லல. உள்ள போயி பெரிய டாக்டர்கிட்டப் பேசிட்டு வந்தாங்க. ஸ்கேன்லயும் அந்த இடம் ஏற்கெனவே செத்துப் போனது தெரியுது, ஆரம்பிச்ச நேரமும் நிச்சயமா தெரியல, இனி ஊசி போட்டா ஆபத்துதான் அதிகம், வேற மருந்து கொடுத்துப் பாப்போம்னாங்க. நான் அப்பவும் கேட்டேன், ஊசி இருக்குல்லம்மா, கையில வச்சுக்கிட்டே போடாம இருக்கீங்களேன்னு. "எப்பன்னு தெரியலையேய்யா"ன்னாங்க.

இப்பம் சொல்லுங்க. பொண்டாட்டி எப்பம் கடைசியாப் பேசுனான்னு மணி பாத்து வைக்கிறவன் எவன் இருக்கான்? உங்களுக்குத் தெரியுமா? இல்ல, உங்க வீட்டுல எப்பம் கடைசியாப் பேசுனாங்க? ... பஸ் ஏறும்போது போன்ல பேசுனீங்களா. சரி. அது வேற.

மூணாம் நாள் இன்னும் மோசமாயிட்டு. மூளையில வீக்கம். செத்த இடத்தைச் சுத்தம் பண்ணுததுக்கு நம்ம ஒடம்புல இருக்கற காவல்காரனுவளே மொத்தமா ஓடி வந்து, அந்த வேகத்துல பக்கத்துல நல்லா இருக்கற எடத்தையும் சேத்துக் கெடுத்துப் போடுவானுவளாம். அப்பிடித்தான் டாக்டரம்மா சொன்னாங்க. கண்ணு முழிக்கல. மருமகன் வந்து என் பக்கத்துல உக்காந்தாரு, ஒண்ணும் பேசல. எனக்கு அதுதான் ஆறுதலா இருந்துச்சு. எம் மக இந்துமதி மட்டும் என்னைச் சுத்திச் சுத்தி வந்தா, கேக்கணும் கேக்கணும்னு அவளுக்கு வாய் துடிக்குது, கேக்கல. ஆஸ்பத்திரின்னு பொறுத்துக்கிட்டா.

பெறவு வீக்கம் வத்துச்சு. கண்ணு முழிச்சா. அன்னைக்கு நான் டாக்டரம்மாவைக் கேட்டேன், அவளுக்கு சுகர் இல்ல, பிரஷர் இல்ல, நல்ல ரத்தம் ஏம்மா உறையணும்னு. அவங்க பொறுமையா உக்காந்து சொன்னாங்க. மூட்டுல இருக்கற அழற்சி மூட்டோட நிக்காதாம். ஒடம்பு பூராம் சுத்துமாம். ரத்தக்குழாய்க்கு உள்பக்கம் வழவழன்னு இருக்க வேண்டிய தோலு, வருசக்கணக்கா அந்தச் சூட்டுல வீங்கிப் புண்ணாகிப் போகுமாம். ரத்தத்துக்குத் தெரிஞ்சது ஒரே வேலைதான், புண்ணைக் கண்டா ஓடிப் போயி உறைஞ்சு மூடணும். கையில வெட்டுப்பட்டா அதுதானே நம்மளைக் காப்பாத்துது. அதே வேலையைக் குழாய்க்குள்ள செஞ்சா வழி அடைஞ்சு போகும். "ரத்தத்து மேல குத்தம் இல்லைங்க, அது காப்பாத்துறதா நெனச்சுத்தான் உறையுது"ன்னாங்க.

எனக்கு அது நல்லா வெளங்குச்சு. காயில்ல தாமிரக் கம்பி மேல வார்னிஷ் பூசியிருக்கும். ஓயாம சூடு ஏறுனா அந்தப் பூச்சு வெந்து பொரிஞ்சு போகும், பெறவு ஒரு நாள் படீர்னு ஷார்ட் ஆகும். நான் அதைச் சொன்னேன். டாக்டரம்மா, அப்பிடியும் வச்சுக்கலாம்னாங்க. எனக்கு ஒரு சின்ன சந்தோசம். அந்த நேரத்துல எம் மக குறுக்க வந்து, அம்மா போட்டுக்கிட்டிருந்த வாரமாத்திரை அந்தச் சூட்டைத்தானே குறைச்சுதுன்னு கேட்டா. ஆமான்னாங்க. தெனமும் போட்ட வலி மாத்திரை? அது வலியை மறைக்கும், ரொம்ப நாள் போட்டா உறையுததுக்கும் கொஞ்சம் தோதாப் போகும்னாங்க. எம் மக என்னைப் பாத்தா. "கொதிக்குது கொதிக்குதுன்னு சொல்லிட்டேதானேப்பா இருந்தா"ன்னா.

இதுதான் தம்பி என் வயித்தெரிச்சல். டாக்டரே ரத்தத்து மேல குத்தம் இல்லைங்காங்க. அதுக்குத் தெரிஞ்ச வேலையை அது செஞ்சுது. நானும் எனக்குத் தெரிஞ்சதைத்தானே செஞ்சேன்? புத்துநோய் மாத்திரைன்னான், நிறுத்துனேன். வலின்னா, மாத்திரை வாங்கிக் கொடுத்தேன். சண்டைன்னா, பேசாம இருந்தேன். ரத்தத்துக்கு ஒரு நியாயம், எனக்கு ஒரு நியாயமா?

வீட்டுக்கு அனுப்புத அன்னைக்கு நான் கார் பிடிச்சு வச்சிருந்தேன், எட்டயபுரம் போக. கட்டில் எல்லாம் முன் ரூம்ல எடுத்துப் போட்டு, செவுத்தோரமா பிடிச்சு நடக்கக் கம்பி கூட பதிச்சு வச்சிருந்தேன், நானே வெல்டிங் வச்சது. எம் மக வந்து, அம்மா எங்க வீட்டுக்கு வாரான்னா. எதுக்குன்னேன். பேச்சுப் பயிற்சி, கைப் பயிற்சி எல்லாம் தூத்துக்குடியிலதான், வாரம் மூணு தடவை போகணும்னா. அது சரின்னு வச்சுக்கிட்டாலும், ஒரு வார்த்தை அவ அம்மாவைக் கேட்டுருக்கணும்ல. கேட்டேன்னா. அவதான் பேச மாட்டாளே, எப்பிடிக் கேட்டேன்னேன். "ரெண்டு விரலைக் காட்டிக் கேட்டேம்பா. இது எட்டயபுரம், இது எங்க வீடுன்னு. எங்க வீட்டு விரலைப் பிடிச்சுக்கிட்டா, விடவே இல்லை"ன்னு எம் மக சொல்லுதா. நான் பாக்கல. இவ சொல்லுததுதான்.

பங்குனியும் வந்துட்டு, வருசம் ஓடிப் போச்சு. நான் ஓட்டல்ல சாப்பிடுதேன். காலையில காப்பியும் கடையிலதான். எஸ்தர் டீச்சர் எப்பமாவது கொழம்பு கொடுத்து விடுவாங்க, நான் வேண்டாம்னு திருப்பி அனுப்பிருவேன். ஒரு நாள் மட்டும் வச்சுக்கிட்டேன், மீன் கொழம்பு.

மாசத்துக்கு ஒரு தடவை இந்தப் பஸ்ல வந்து பாத்துட்டுப் போவேன். போனா என்னமோ பால் ஊத்தறவன் வந்த மாதிரிதான். உக்காருங்கப்பா, சாப்பிடுங்கப்பா, அவ்வளவுதான். அவ என் முன்னாடி உக்காந்திருப்பா. வலது கையில ஒரு ரப்பர் பந்தை வச்சு அமுக்கிக்கிட்டே இருப்பா. இப்பம் அது லேசா மடங்குது. பேச்சு மட்டும் இல்ல. வராதுன்னுதான் நான் நெனச்சுக்கிட்டு இருந்தேன். வந்துச்சுன்னா மொதல்ல என்கிட்டத்தானே பேசியிருக்கணும்?

இன்னைக்குக் காலையில சீக்கிரமே வந்துட்டேன். அவங்க தெருவுல திரும்புததுக்கு முன்னாலயே ஒரு குரல் கேக்குது. மீன்காரி கூடையை எறக்கி வச்சிருக்கா. "சாளை... வேண்டாம். அது... அது... ஊளி. ஊளி கொடு." கொழகொழன்னுதான் இருக்கு, நிறுத்தி நிறுத்தித்தான் வருது. ஆனா அவ குரல்தான் தம்பி. நான் கேட்டுக்கு வெளிய அப்பிடியே நின்னுட்டேன். மீன்காரி என்னமோ சொல்லுதா, இவ சிரிக்கா. பெறவு பக்கத்து வீட்டுப் பொண்ணு பேரைச் சொல்லிக் கூப்பிட்டு, "தண்ணி... வந்துட்டா?"ன்னு கேக்கா. ஊருல உள்ளவங்க எல்லாருகிட்டயும் பேசுதா. நான் கேட்டைத் திறந்தேன். அவ திரும்பிப் பாத்தா. வாயை மூடிட்டா.

நீங்களே சொல்லுங்க. இது நோவா? நான் அன்னைக்கே சொன்னேனே, கோவம்னு. யாரு நம்புனா?

மத்தியானம் பூராம் அவ முன்னாடி நாற்காலியைப் போட்டு உக்காந்திருந்தேன். ஊளி மீன் வறுத்து வச்சாங்க, சாப்பிட்டேன். திரும்பவும் வந்து உக்காந்தேன். எம் மக பொறுக்க மாட்டாம என்னை அடுப்படிக்குக் கூப்பிட்டா. "அப்பா, அம்மாவா ஒரு பேச்சை ஆரம்பிக்கணும்னா வார்த்தையைத் தேடி எடுக்கணும்பா, அது பெரிய பாடு. நீங்க எதையாவது கேளுங்க. கேட்டா பதில் சொல்லிருவா. பேச்சு சொல்லிக் கொடுக்கறவங்களும் அதைத்தான் சொன்னாங்க"ன்னா. மீன்காரிகிட்ட அவதானே ஆரம்பிச்சான்னேன். மீன்காரி மொதல்ல அக்கா எப்பிடி இருக்கேன்னு கேட்டாப்பான்னா. இவளுக்கு எல்லாத்துக்கும் ஒரு பதில் உண்டு.

நான் போயி உக்காந்தேன். கேக்கலாம்னுதான் நெனச்சேன். மீன் நல்லா இருந்துச்சுன்னு சொல்லலாம்னு நெனச்சேன். மருமகன் பேப்பர் படிச்சுக்கிட்டு இருந்தாரு, எம் மக அடுப்படியில இருந்து எட்டி எட்டிப் பாக்கா. ஒருத்தன் பேசப் போறான்னு நாலு கண்ணு காத்துக்கிட்டு இருந்தா பேச முடியுமா? வேற நாளாப் பாத்துக்கிடலாம்னு பையை எடுத்துக்கிட்டு எந்திரிச்சேன்.

அப்பந்தான் அவ வாய் அசைஞ்சுது. கழுத்து நரம்பெல்லாம் புடைக்குது. பந்து கீழ விழுந்து உருண்டு போகுது, அதைக் கூடப் பாக்கல. என் மூஞ்சியவே பாத்துக்கிட்டு ஒரு வார்த்தை சொன்னா.

"போங்க."

அவ்வளவுதான். நான் வந்துட்டேன். பஸ்ல ஏறுனதுல இருந்து அதையேதான் நெனச்சுக்கிட்டு வாரேன். நம்ம பக்கம் எந்தப் பொம்பளையும் புறப்படுத ஆளைப் போங்கன்னு சொல்ல மாட்டா. போயிட்டு வாங்கன்னுதான் சொல்லுவா. இவளும் அதைத்தான் சொல்ல வந்து, பாதி வராமப் போயிட்டா? இல்ல, போங்கன்னேதான் சொன்னாளா? மூஞ்சியை வச்சுக் கண்டுபிடிக்கலாம்னா, பாதி மூஞ்சி இன்னும் சரியா அசையல. அடுத்த வார்த்தை வருதான்னு ஒரு நிமிசம் நின்னு பாத்திருக்கலாம். பஸ்ஸுக்கு நேரமாச்சுன்னு நெனச்சேன். இந்த ரூட்ல அரை மணிக்கு ஒரு பஸ் இருக்கு, இல்லன்னு சொல்லல.

போன் போட்டுக் கேக்கறதா. நீங்க சொல்லுததும் சரிதான். இந்தா, போன் இருக்கு. எம் மகதான் எடுப்பா. அம்மாகிட்டக் குடுன்னா குடுத்துருவா. அவ காதுல வச்சுக்கிடுவா, மூச்சு விடுதது கேக்கும். பெறவு நான்தான் பேசணும்.

அந்தா, எட்டயபுரம் வந்துட்டு. கண்டக்டர், ஒரு நிமிசம், எறங்குதேன். தம்பி, ஒண்ணு மட்டும் கேட்டுக்கிடுதேன். உங்க வீட்டுல சண்டை வந்தா, நீங்களா போயி மொதல்ல பேசியிருக்கீங்களா? ... பேசியிருக்கீங்களா. என்னன்னு ஆரம்பிப்பீங்க? ... "நான்தான்"னு சொல்லணுமா. சரி, நான்தான்னு சொல்லிட்டேன்னு வச்சுக்கங்க. அதுக்குப் பெறவு?